பழைய சிலிகோனை அகற்றும்போது கவனிக்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீடுகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்பவன் என்ற முறையில், டைல்ஸ் ஓர இடுக்கை அடைக்கப் பூசிக் கறுத்துப்போன சிலிகோனைத் தாங்களே எடுக்க முயலும் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன்.

காய்ந்த ரப்பர்ப் பால் பெட்ரோலில் ஊறிக் கரைவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். பார்வைக்கு ரப்பரைப் போலவே இருக்கும் சிலிகோனும் அப்படியே கரைந்துவிடும் என்று அவர்கள் எண்ணுவது இயல்புதான். ஆனால் சிலிகோன் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. காற்றின் ஈரத்தால் இறுகும்போது அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், பெட்ரோலோ தின்னரோ அதை உப்பச் செய்யுமே தவிரக் கரைக்காது. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை தாங்கக்கூடியது என்பதால், முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் அது உருகுவதும் இல்லை. ஊற்றிய பெட்ரோலின் ஆவியோ காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, பக்கத்து அறையில் எரியும் கேஸ் அடுப்பைக்கூட எட்டிவிடும். இந்த வேலைக்குப் பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலையளிப்பது கிளோராக்ஸ் என்ற வெளுப்புத் திரவம். சில வகைச் சிலிகோன் இறுகும்போது அசெட்டிக் அமிலம் வெளிப்பட்டு வினிகர் வாடை வீசும். அதை வைத்து, வினிகர் ஊற்றினால் இளகும் என்று பலர் நம்புகிறார்கள். இறுகிய சிலிகோனை வினிகர் ஒன்றும் செய்யாது; பளிங்குக் கல்லின் மெருகைத்தான் அரித்துவிடும். வினிகரின் ஈரம் காயாத நிலையில் பூஞ்சைக் கறைக்காகக் கிளோராக்ஸும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு சேர்ந்தாலும் அப்படித்தான். கண் எரிந்து இருமல் வந்தால், எதையும் கழுவிக்கொண்டிருக்காமல் உடனே வெளியேறுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 999 எண்ணை அழையுங்கள்.

சிலிகோனைப் பிரிப்பது கூரிய கத்தியும் பொறுமையும்தான். பட்டையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கட்டர் கத்தியால் கீறி, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து மெல்ல இழுத்தால் பெரும்பகுதி நீளமாக உரிந்து வரும். எஞ்சியதைக் கண்ணாடியிலும் டைல்ஸிலும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம்; அக்ரிலிக் தொட்டியில் பிளாஸ்டிக் சுரண்டி மட்டுமே போதும், ஏனெனில் பிளேடு அதைக் கீறிவிடும், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் என்ற கரைப்பான் அதன் மேற்பரப்பையே இளக்கிவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சிலிகோன் நீக்கியை, மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும், கதவைத் திறந்து வைத்து, கையுறையோடு பயன்படுத்துங்கள். எந்தப் பரப்புக்கு ஏற்றது என்பதைப் புட்டியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படலத்தை விட்டுவிடக் கூடாது. பழைய சிலிகோன்மீது புதியது சரியாகப் பிடிக்காது; நீர் உள்ளே நுழைந்து மீண்டும் பூஞ்சை வரும். ஓரத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே, குளியலறைக்குரிய பூஞ்சைத் தடுப்புச் சிலிகோனைப் பூசி, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வையுங்கள்.