கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

"புள்ள பயந்துருக்கு சார், மந்திரிச்சு கயிறு கட்டியும் கேக்கல." மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து, யோகா சொல்லித்தரும் என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். விபத்து, வீட்டில் அடி உதை, பாலியல் துன்புறுத்தல் என்று காரணங்கள் வேறு. தூக்கமின்மையும் திடுக்கிடலும் எரிச்சலும் எல்லோரிடமும் உண்டு. கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தொந்தரவு நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஆபத்து முடிந்துபோனது உடம்புக்குத் தெரிவதில்லை. சித்திரைத் திருவிழா வேட்டுச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளைகளிடம் உடம்பிலிருந்து தொடங்கலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாத 64 பெண்கள் கலந்துகொண்டார்கள். 10 வாரம் யோகா செய்தவர்களில் பாதிப் பேர் அதிர்ச்சி நோயின் வரையறையைவிட்டு வெளியே வந்தார்கள். யோகா செய்யாத மற்ற குழுவில் ஐந்தில் ஒருவர்தான். அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

சரி, பக்கத்துத் தெரு யோகா வகுப்பில் சேர்த்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். விளக்கை அணைத்து, மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் கண்ணை மூடச் சொன்னதும் சில பிள்ளைகளுக்குப் பழைய காட்சி அப்படியே திரும்பி வரும். ஆசிரியர் பின்னாலிருந்து வந்து முதுகைத் தொட்டு நிமிர்த்தினால் கேட்கவே வேண்டாம். வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை அடக்குவதும் பதற்றத்தின்போது வரும் மூச்சுத் திணறலை நினைவூட்டிவிடும். ஆரம்பத்தில் நான் அவற்றைத் தொடுவதே இல்லை.

என் வகுப்பில் கதவு எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்திருக்கும். கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தால் போதும். சுவரில் சாய்ந்து நேராக நிற்கும் தாடாசனம், பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது, அப்புறம் மெதுவாகக் கை தூக்குவது. "தம்பி, முடிஞ்சா தூக்கு, வேணாம்னா கீழயே இருக்கட்டும்." ஒரு பையன் முதன்முதலில் "வேணாம் சார்" என்று சொல்லும் நாள் எனக்குப் பெரிய முன்னேற்றம். அவன் உடம்பில் என்ன நடக்கவேண்டும் என்பதை அன்றுதான் அவனே முடிவு செய்கிறான். "காசு குடுக்குறோம், ஒரு ஆசனமும் செய்யலையே" என்று சில அப்பாக்கள் அலுத்துக்கொள்வார்கள். மெடல் வாங்கும் யோகாவையே பார்த்துப் பழகிய ஊர், என்ன செய்வது!

யோகா தொடங்கியாயிற்று என்று மாத்திரையையோ ஆலோசனையையோ நிறுத்திவிடாதீர்கள். வகுப்பில் சேர்க்கும்முன், "தொடுவதற்கு முன்னால் கேட்பீர்களா?" என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். சிரித்து மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். உடனடி மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆபத்தில் இருந்தால் 1098. இரண்டுமே இலவசம்.