தட்டணு: எண்ணிக்கை வேறு, வேலை வேறு

மழைக்காலத்தில் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் ‘பிளேட்லெட்’ என்றால் எல்லோருக்கும் புரியும். “பிளேட்லெட் எவ்ளோ வந்துச்சுக்கா?” என்று வாசலிலேயே விசாரிப்பார்கள். இரத்தம் உறைய உதவும் நுண்துணுக்குகளின் பெயர் அது; டெங்கு கற்றுக்கொடுத்த சொல். டெங்குவால் வந்ததாலேயே அது வெறும் எண்ணாக மனத்தில் பதிந்துவிட்டது: இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. சிறுநீரகம் செயலிழந்து, மெஷின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு பாதிதான் உதவும்.

ஆங்கிலத்தில் ‘பிளேட்’ தட்டு. ‘லெட்’ சிறுமையைக் காட்டும் விகுதி. 1880களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ, இரத்தம் உறைவதில் இவற்றுக்குள்ள பங்கைக் காட்டினார். தன் மொழியில் அவர் வைத்த ‘பியாஸ்ட்ரினே’ என்ற பெயருக்கும் சிறுதட்டுகள் என்றே பொருள். மருத்துவர்கள் சொல்லும் ‘த்ராம்போசைட்’ கிரேக்க வழியில் வந்தது, உறைகட்டிக்கான செல் என்று பொருள்படும். உண்மையில் இது முழு செல் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு; உட்கரு இல்லை, ஆயுள் 7 முதல் 10 நாள்.

தமிழில் பாடநூல்கள் ‘இரத்தத் தட்டுகள்’ என்கின்றன. ‘குருதிச் சிறுதட்டு’ என்பதும் உண்டு. மூலத்துக்கு மிக நெருக்கம், பேச்சில்தான் ஒட்டவில்லை. நாளிதழ்களில் ‘தட்டணு’. செல்லே அல்லாததை அணு என்பதா என்று கேட்கலாம். செல்லுக்கு நம்மிடம் ‘உயிரணு’ இருக்கிறது. அணு என்றால் நுண்துகள், அவ்வளவுதான். என் ஓட்டு தட்டணுவுக்கே.

சரி, டயாலிசிஸுக்கு வருவோம். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தும் இரத்தம் சீக்கிரம் நிற்காது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் என்ற வழக்கமான அளவுக்குள்தான் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மெஷினில் கொடுக்கும் ஹெபாரின் ஒரு காரணம். இன்னொன்று, சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுகள் தட்டணுக்களை மந்தமாக்குவது. டயாலிசிஸ் அந்த மந்தத்தை ஓரளவு நீக்கும், முழுக்க அல்ல. ஆகவே ‘தட்டணுக் குறைவு’ ஒன்று, ‘தட்டணுச் செயற்குறைவு’ இன்னொன்று. இவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது.

சாப்பாடு இதில் நுழைவது இரத்தசோகை வழியாக. ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் நடுவே போய், தட்டணுக்களைக் குழாய்ச் சுவர்ப் பக்கம் ஒதுக்குகின்றன. காயம் பட்டால் வேலை அங்கேதானே. சிவப்பணு குறைந்தால் தட்டணுவும் சுவரை எளிதில் எட்டாது. சிவப்பணு உருவாக, அதன் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, புரதம் எல்லாம் வேண்டும். ஃபோலிக் அமிலம் போன்ற நீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பகுதி டயாலிசிஸிலேயே போய்விடுகிறது.

புரதத்தில்தான் குழப்பம் அதிகம். டயாலிசிஸுக்கு முன்னால் “குறையுங்கள்” என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு தேவை கூடும்: பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு கஞ்சியோடு நிறுத்துபவர்கள் உண்டு. அது வேண்டாத விரதம். முட்டை வெள்ளையும், டயட்டீஷியன் சொல்லும் அளவுக்கு மீனும் இதற்கு உதவும். கருவாடு கூடாது, உப்பு தாகத்தைக் கூட்டும், தண்ணீர் அளவு எகிறும்.

அப்புறம் பப்பாளி இலைச்சாறு. டெங்குக்குக் குடித்த பழக்கத்தில் இவர்களுக்கும் அரைத்துக் கொடுக்கிறார்கள். அது எண்ணிக்கைக்கென்று குடிப்பது; இங்கே பெரும்பாலும் எண்ணிக்கை குறைவதே இல்லை. பொட்டாசியமும் கூடுதல் திரவமும் உள்ளே போவதுதான் மிச்சம்.

மீன் எண்ணெய் மாத்திரை வேறு ரகம். கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் உள்ள அதே ஒமேகா-3 கொழுப்பு, மாத்திரையாக அதிக அளவில் போனால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கொஞ்சம் குறைக்கக்கூடும். குழம்பில் போடும் மீனுக்கு இந்தக் கவலை தேவையில்லை. தட்டணு ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ ஏற்கெனவே சாப்பிடுபவர், கடையில் மீன் எண்ணெய் அல்லது பூண்டு மாத்திரை வாங்கும் முன் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.