உதிர்ந்த எழுத்தின் தடம்

'டூ நாட்' என்ற இரண்டு சொற்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டு 'டோன்ட்' ஆகின்றன. உதிர்ந்தது ஒரே ஒரு 'ஓ'. அது இருந்த இடத்தில், எழுத்துகளின் தலைமட்டத்தில் தொங்கும் சின்னக் கொக்கிதான் அப்பாஸ்ட்ரஃபி. 'காடு' என்பது 'இல்லை'யோடு சேர்ந்து 'காடில்லை' ஆகும்போது தமிழிலும் ஓர் உகரம் போய்விடுகிறது. நாம் அதற்குக் குறி வைப்பதில்லை, ஆங்கிலம் வைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது.

சரி, 'உடைய' என்ற பொருளுக்கும் ஏன் இதே குறி? அங்கே என்ன உதிர்ந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு 'ஸ்டான்' என்று பெயர். கல்லுடைய என்றால் 'ஸ்டானெஸ்', கற்கள் என்றால் 'ஸ்டானஸ்'. நாளடைவில் இரண்டின் ஈற்றிலும் இருந்த உயிரொலி தேய்ந்துபோய், இரண்டுமே 'ஸ்டோன்ஸ்' என்று ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின. காதுக்கு வேறுபாடே இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உடைமைப் பொருளில் மட்டும் குறி நிலைத்தபோது, கண்ணுக்கு அந்த வேறுபாடு திரும்பக் கிடைத்தது. வெறும் பன்மைக்குக் குறி போட்டுவிடும் தவறு இன்றும் நடப்பது, காதை நம்பி எழுதுவதால்தான்.

உடையவரின் பெயரை முதலில் முழுதாக எழுதிவிடுங்கள், அப்புறம் குறி. ஒரு பையன் என்றால் 'பாய்' முடிந்ததும் குறி, பிறகு எஸ். பல பையன்கள் என்றால் 'பாய்ஸ்' என்று எழுதி, எஸ்ஸுக்குப் பின்னால் குறி. 'சில்ட்ரன்' எஸ் இல்லாமலே பன்மை. அதனால் அதற்குக் குறியும் எஸ்ஸும் சேர்த்தே வரும்.

எல்லோரையும் படுத்துவது 'இட்ஸ்'. 'இட் இஸ்', 'இட் ஹாஸ்' சுருங்கி வந்தால் குறி உண்டு. 'அதனுடைய' என்றால் கிடையாது; 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்' எதிலும் குறி இல்லையே, அதே போலத்தான். சந்தேகம் வந்தால் நான் 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பார்ப்பேன். வாக்கியம் நொண்டினால் குறியை எடுத்துவிடுவேன். இதில் தடுமாறுகிறவர்களை ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களிலேயே 'அதனுடைய' என்ற பொருளில் குறியோடு அச்சிட்டிருக்கிறார்கள். குறியில்லாத வடிவம் உறுதியாக நிலைத்தது 1800ஐ ஒட்டித்தான்.