ஆறு பைட்டுகளுக்காக ஓர் இயக்கி

பல்லடத்தையும் உடுமலையையும் சுற்றியுள்ள நூற்பாலைகளில், நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரங்கள் ஓடும் கூடத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஈரம் குறைந்தால் பஞ்சிழைகளில் நிலைமின்னேற்றம் கூடி நூல் அடிக்கடி அறுகிறது. மிகுந்தால் இழைகள் உருளைகளில் சுற்றிக்கொள்கின்றன. மாசி, பங்குனியில் காற்று வறளும்போது காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டுக்கு வேலை அதிகம். அதைக் கட்டுப்படுத்தும் கருவி காற்றை இடைவிடாமல் அளந்தாக வேண்டும். இத்தகைய கருவியைச் செய்வதற்கு, லினக்ஸ் இயங்குதளம் ஓடும் உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையும் ஈரப்பத உணரி ஒன்றும் இருந்தால் கோவையின் சிறு பட்டறைக்கும் போதும். ஆனால் அந்த உணரியைப் பற்றி இயங்குதளத்துக்கு எதுவும் தெரியாது. தெரியவைக்கும் நிரலே வன்பொருள் இயக்கி, அதாவது டிரைவர்.

சுவிட்சர்லாந்தின் சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்எச்டி31 என்ற உணரியை எடுத்துக்கொள்வோம். அது ஐ2சி என்னும் இரு கம்பித் தடத்தில் இணைகிறது. ஒரு கம்பியில் கடிகாரத் துடிப்பும் மற்றொன்றில் தரவும் செல்கின்றன. பதினறும எண்முறையில் 44 என்பது அதன் முகவரி. அந்த முகவரிக்கு இரண்டு பைட் கட்டளை ஒன்றை அனுப்பினால் உணரி அளக்கத் தொடங்கும். உயர் துல்லிய அளவீட்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிவினாடி தேவைப்படும். அதன்பின் படித்தால் ஆறு பைட்டுகள் வரும்: வெப்பநிலைக்கு இரண்டு, அவற்றைச் சரிபார்க்க ஒன்று, ஈரப்பதத்துக்கு இரண்டு, அதைச் சரிபார்க்க மற்றொன்று.

முதல் இரண்டு பைட்டுகள் 112, 164 என வந்தன என்று கொள்வோம். 112ஐ 256ஆல் பெருக்கி 164ஐக் கூட்டினால் 28836 கிடைக்கும். இதை 175ஆல் பெருக்கி 65536ஆல் வகுத்து 45ஐக் கழித்தால் 32 டிகிரி செல்சியஸ் வரும். கணக்கு எளிதுதான், ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் தசம எண்களைக் கையாளும் மிதவைப்புள்ளிக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே இயக்கி மில்லி டிகிரியில் சிந்திக்கிறது: 28836ஐ 21875ஆல் பெருக்கி, 8192ஆல் வகுத்து, 45000ஐக் கழித்தால் 32000 என்ற முழு எண் வருகிறது. 8192 என்பது 2இன் 13ஆம் அடுக்கு என்பதால், வகுப்பதற்குப் பதிலாகப் பிட்டுகளை 13 இடம் வலப்பக்கம் நகர்த்தினாலே போதும். உணரி தரக்கூடிய மிகப்பெரிய மதிப்பான 65535ஐ 21875ஆல் பெருக்கினாலும் விடை ஏறத்தாழ 143 கோடிதான். எதிர்ம எண்களையும் ஏற்கும் 32 பிட் முழு எண் ஒன்று ஏறத்தாழ 214 கோடி வரை தாங்கும் என்பதால் கணக்கு நிரம்பி வழியாது. இயக்கி எழுதுபவர் ஒவ்வொரு பெருக்கலுக்கும் இவ்வாறு எல்லையைப் பார்த்தே அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும்.

ஒரே உணரி, அதைப் படிப்பது ஒரே நிரல் என்றால் இந்தக் கணக்கைச் சாதாரணப் பயன்பாட்டு நிரலிலேயே செய்துவிடலாம், இயக்கியே தேவையில்லை என்பது என் கருத்து. பல நிரல்கள் ஒரே உணரியைப் பகிர்ந்துகொள்ளும்போதும், உணரியை மாற்றினாலும் மேலே உள்ள நிரல் மாறக்கூடாது என்னும்போதும்தான் இயக்கியின் பயன் விளங்குகிறது. வன்பொருளைக் கண்காணிப்பதற்கான லினக்ஸின் எச்டபிள்யூமான் துணையமைப்பில் பதிவுசெய்துகொண்ட இயக்கி, வெப்பநிலையை ஒரு கோப்பைப் போல எல்லோருக்கும் காட்டுகிறது. அதைத் திறந்து படிப்பவருக்கு 32000 என்ற எண் மட்டுமே தெரியும், கீழே எந்த நிறுவனத்தின் உணரி இருக்கிறது என்பது தெரியவேண்டியதில்லை.

இந்த வசதிக்கு விலை உண்டு. பயன்பாட்டு நிரல் தன் எல்லைக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொட்டால், செயலியின் காவல் அமைப்பு அந்த நிரலை மட்டும் நிறுத்திவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இயக்கியோ கெர்னலின் ஒரு பகுதியாக, அதே அதிகாரத்துடன் ஓடுகிறது. அதில் நினைவக முகவரியைக் குறிக்கும் சுட்டி ஒன்று தவறாக இருந்தால், அது உணரிக்குச் சற்றும் தொடர்பில்லாத கோப்பு முறைமையின் தரவைக் கெடுக்கலாம், அல்லது முழுக் கணினியையும் நிறுத்தலாம். காத்திருப்பதற்கும் இங்கே இலக்கணம் உண்டு. அளவீடு முடியும்வரையான 15 மில்லிவினாடியில், 1 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றரைக் கோடிச் சுழற்சிகளைக் கடந்துவிடும். ஆகவே இயக்கி அந்த நேரத்தில் உறங்கி, செயலியை வேறு பணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் வன்பொருள் செயலியை இடைமறித்து அழைக்கும் குறுக்கீட்டைக் கையாளும் நிரல்பகுதியில் உறங்குவது அறவே கூடாது. உறங்கினால் கணினி உறைந்துபோகலாம்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதல் நாளே கெர்னலுக்குள் இறங்குவதில்லை. முதலில் ஐ2சி கருவித் தொகுப்பைக் கொண்டு, தடத்தில் 44 என்ற முகவரியில் யாரேனும் விடையளிக்கிறார்களா என்று வெளியிலிருந்தே பார்க்கிறார்கள். கட்டளையைக் கையால் அனுப்பி ஆறு பைட்டுகளும் வருகின்றனவா என்று உறுதிசெய்கிறார்கள். அதன்பிறகே கெர்னலில் ஏற்றக்கூடிய மாட்யூலாக இயக்கியை எழுதும் வேலை தொடங்குகிறது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசன், ஒரே தரவை இருவர் ஒருசேரத் தொடாமல் காக்கும் பூட்டுகளின் வரிசைப் பிழைகளைப் பிடிக்கும் லாக்டெப் ஆகிய இரண்டையும் இணைத்துத் தொகுத்த கெர்னலிலேயே சோதனை இயக்கியை ஓட்டுகிறார்கள். வேகம் குறையும், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

உணரியிடமிருந்து சரியான எண்ணைப் பெறுவது இயக்கியின் சிறுபகுதிதான். பெரும்பகுதி, சரியான எண் வராதபோது என்ன செய்வது என்பதற்காகவே எழுதப்படுகிறது. நூற்பாலையில் மோட்டார்களின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவுகள் மின்காந்த இரைச்சலை எழுப்புகின்றன; ஒரு பலகைக்குள் குறுகிய தொலைவு ஓடுவதற்காக வகுக்கப்பட்ட ஐ2சி கம்பியை நீட்டி இழுத்தால் அது அந்த இரைச்சலை வாங்கிக்கொள்ளும். அப்போது 112 என்ற பைட் 240 ஆக மாறி வரலாம்; ஒரே ஒரு பிட் புரண்டால் போதும். சரிபார்ப்பு பைட் இருப்பது இதற்காகத்தான். உணரி, தரவின் இரண்டு பைட்டுகளையும் ஒரு பல்லுறுப்புக்கோவையால் வகுத்த மீதியை மூன்றாவது பைட்டாக அனுப்புகிறது. இயக்கியும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடுகிறது. ஒரு பிட் புரண்டாலும், அடுத்தடுத்து எட்டு பிட் நீளத்துக்குள் சிதைந்தாலும் இந்த முறை தவறாமல் கண்டுபிடித்துவிடும். உணரியின் விவரங்களைச் சொல்லும் நிறுவனத் தரவேட்டில் இதற்கொரு சோதனை எடுத்துக்காட்டு உண்டு: 190, 239 என்ற பைட்டுகளுக்கு விடை 146. தன் நிரல் இந்த விடையைத் தருகிறதா என்று பார்க்காமல் எவரும் மேலே செல்லக்கூடாது.

ஒப்பீடு பொருந்தாவிட்டால் இயக்கி பழைய அளவைத் திருப்பித் தரக்கூடாது. பிழைக் குறியீட்டைத்தான் தரவேண்டும். பழைய 60 சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, கூடம் வறண்டு நூல் அறுந்துகொண்டிருக்கும்போதும் எல்லாம் சரியென்றே நம்பும். இதைவிட நுட்பமான கோளாறும் உண்டு. உணரி ஒரு பைட்டை அனுப்பும் நடுவில் கடிகாரத் துடிப்பு தவறிப்போனால், அது தரவுக் கம்பியைத் தாழ்நிலையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும். தடத்தில் உள்ள வேறு எந்தச் சாதனமும் பேச முடியாது. கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்புகளை அனுப்பினால் அது மீதமுள்ள பிட்டுகளை அனுப்பிவிட்டுக் கம்பியை விடுவிக்கும்.

இரண்டு நிரல்கள் ஒரே நொடியில் படிக்க வந்தால், ஒன்றின் அளவீடு முடிவதற்குள் மற்றொன்றின் கட்டளை புகுந்துவிடாமல் பூட்டு ஒன்று காக்க வேண்டும். சாதனம் இணைக்கப்படும்போது இயக்கி ஒவ்வொன்றாகப் பெற்ற நினைவகம், பூட்டு, பதிவு ஆகியவற்றை, நடுவில் ஏதேனும் தவறினால் பெற்றதற்கு நேர் எதிர் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் முதல் முயற்சியிலேயே அமைவதில்லை. அரைகுறையாக உள்ள இயக்கிகளுக்கென லினக்ஸ் 2008இல், 2.6.28 பதிப்பில், ஸ்டேஜிங் என்ற தனிக் கோப்பகத்தை ஏற்படுத்தியது; அதைப் பேணிவருபவர் கிரெக் குரோவா-ஹார்ட்மன். நெசவாளர் பாவு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் பாவடி எனும் வெளியில் எல்லோர் கண்முன்னும் நீளமாக விரித்து, அறுந்த இழைகளைப் பிணைத்துக் கஞ்சி போடுவதைப் போன்ற ஏற்பாடு இது. அங்குள்ள இயக்கிகள் ஒவ்வொன்றுடனும், இன்னும் செய்யவேண்டியவை எவை என்று சொல்லும் கோப்பு ஒன்று இருக்க வேண்டும். ஸ்டேஜிங் இயக்கி ஏற்றப்பட்டதும் கெர்னல் தன் பதிவேட்டில், இதன் தரம் அறியப்படாதது என்று எச்சரித்து, தன்மீதே சி என்ற எழுத்துக் குறியையும் இட்டுக்கொள்கிறது. பின்னர் கணினி விழுந்தால், அறிக்கையைப் படிப்பவருக்கு முதலில் எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். தொழிலக உணரிகளுக்கான ஐஐஓ துணையமைப்பே 2009இல் இங்கு நுழைந்து, திருத்தப்பட்டு, 2012இல் அதன் மையப்பகுதி முதன்மைக் கோப்பகத்துக்குச் சென்றது.

இயக்கியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் என்ன என்று பட்டறைக்காரர் கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம்; ஆனால் கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில், ஐ2சி சாதனத்தை நீக்கும்போது அழைக்கப்படும் செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்று மாற்றினார்கள். கெர்னலின் மூல நிரல் தொகுதியான மரத்துக்குள் இருந்த ஐ2சி இயக்கிகளையெல்லாம் அந்த மாற்றத்தைச் செய்தவர்களே திருத்தினார்கள். வெளியே இருந்தவை அவரவர் பொறுப்பு. ஆலையில் கட்டுப்பாட்டுப் பெட்டி பல ஆண்டுகள் சுவரிலேயே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகக் கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், வெளியே வைத்த இயக்கி தொகுபடுமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

எஸ்எச்டி31க்கு லினக்ஸில் இயக்கி ஏற்கெனவே உள்ளது. கற்கும் மாணவர் அதைப் பார்க்காமல் தரவேட்டை மட்டும் வைத்துத் தானே ஒன்று எழுதி, பின்னர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். அளவைக் கணக்கிடும் வரிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபாடுகள் பெரும்பாலும் பிழை நேரும் பாதைகளில் தென்படும்.