பாட்டி பிறந்த ஊர் எது? குடும்ப வரலாற்றுத் தேடலுக்கு ஒரு புதிய இலக்கு

மூலப் பத்திரங்களைப் படித்துச் சொத்துரிமையைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், குடும்ப வரலாற்றைத் தேடுவோரும் என்னிடம் வருவதுண்டு. ஏழு தலைமுறையையும் கண்டுவிட வேண்டும் என்று தொடங்குவோர் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகிறார்கள். தலைமுறைதோறும் தலைப்பெழுத்து மாறுவதும், பாட்டன் பெயரையே பேரனுக்கு வைப்பதால் இருவர் ஒருவராகத் தோன்றுவதும் தேடலைக் குழப்பிவிடுகின்றன. ஆகவே, ஒரே ஒருவரைப் பற்றி, ஆவணத்தில் விடை கிடைக்கக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் இலக்காகக் கொள்ளுங்கள்.

அந்த ஒருவர் இம்முறை ஒரு பெண்ணாக இருக்கட்டும். நான் பார்க்கும் கொடிவழிகளில் ஆண்களே வரிசையாக நிற்கிறார்கள். பாட்டியின் பெயர் தெரிந்த வீட்டிலும் அவருடைய தகப்பனார் பெயர் தெரிவதில்லை. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் பெரும்பாலும் மகள்களைக் காண முடியாது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத் திருத்தமே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்கு இணையான உரிமையைத் தந்தது.

எனினும், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் தந்தையின் தனிச் சொத்துக்கு வாரிசாக்கியதால், அதன்பின் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரர்களுக்கு மகள்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றின் முதல் வரியிலேயே, இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரத்தியும் இன்னார் பாரியாளுமான இன்னார் என்று, பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்தே வந்துவிடும். உரிமையை விட்டுக்கொடுத்த தாளில்தான் அந்தப் பெண்ணின் அடையாளம் முழுமையாகப் பதிந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. மஞ்சள்காணியாக, அதாவது மகளுக்குச் சீராக, நிலம் கொடுத்த குடும்பமானால், அதைத் தானமாக எழுதிவைத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தையும் தேடுங்கள். சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லையை விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் பல நேரங்களில் பங்காளியாகவே இருப்பார்.

ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால், அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்கலாம். இணையத்தில் இல்லாத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து தேடச் சொல்ல வேண்டும். நிலமே இல்லாத குடும்பங்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், கிறிஸ்தவர்களானால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன், வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் பேசிவிடுங்கள். ஆங்கில ஆண்டு நினைவில்லாதவர் விரோதி வருஷம் என்பார். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; அது 1889 ஆகவும் இருக்கலாம், 1949 ஆகவும் இருக்கலாம் என்பதால், அப்போது வீட்டில் யார் யார் உயிரோடிருந்தார்கள் என்றும் கேளுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால், மூலம் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் பெற முடியும்.