விளக்கு வைக்கும் நேரமும் நாடக நேரமும்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் ஆறரை மணிக்கு இரண்டு காரியங்கள் மோதிக்கொள்கின்றன. ஒன்று விளக்கு வைப்பது. இன்னொன்று டி.வி.யில் நாடகம் ஆரம்பிப்பது. விளம்பரம் போடும்போது அவசரமாகத் திரியை ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டாசலுக்கு, அதாவது முன்கூடத்துக்கு, திரும்பிவிடுகிற வீடுகள் நிறைய. கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் ஒன்பதரைக்குத் தள்ளிப்போகிறது; அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும்; கொஞ்ச நாளில் ஜெபமே நின்றுவிடும். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் உட்கார்ந்து குர்ஆன் ஓதுகிற நேரமும் இதுதான். வீட்டில் நிம்மதி இல்லை என்று குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் வீட்டில் யார் பேசுகிறார்கள் என்பது. பெரும்பாலும் பேசுவது டி.வி.தான்.

பஞ்சாயத்து டி.வி. அறை முன்னால் ஊரே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்த காலம் உண்டு. அந்தப் பெட்டிக்கு அணைக்கிற நேரம் என்று ஒன்று இருந்தது. ஆள் வந்து பூட்டிவிடுவார். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு ஓட்டு வீட்டுப் பட்டாசலுக்கும் பெட்டி வந்தது. பூட்டுகிற ஆள் கூட வரவில்லை.

நாடகம் பார்த்துவிட்டு எழுந்த பிறகும் மனசு ஏன் அடங்குவதில்லை? ஒவ்வொரு நாளும் கதை முடியாத இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை நினைவில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியல் அறிஞர் 1927-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாடகம் எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த வித்தை. நாலு நாடகம் பார்த்தால், தீராத நாலு பகையை அடுக்களைக்குள் சுமந்துகொண்டு போகிறோம். அந்தச் சூட்டில் தோசை கேட்கிற பிள்ளைக்கு எரிச்சலான பதில் கிடைக்கிறது.

இதைவிட ஆழமான பாதிப்பு ஒன்று உண்டு. டி.வி. அதிகம் பார்க்கிறவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கெட்டதாக, நம்பத் தகாததாகப் பார்க்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களிலிருந்து எழுதிவந்தார். கதவோரம் ஒட்டுக்கேட்பது, பாலில் எதையோ கலப்பது, சிரித்துக்கொண்டே குடி கெடுப்பது என்று தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கிற கண்ணுக்கு, மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தன் தாயிடம் போனில் பேசுவதும் சதியாகத் தெரியத் தொடங்கும். பார்க்கிறவர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சந்தேகம் பழக்கமாகிவிட்ட மனசு, விளக்கின் முன் உட்கார்ந்தாலும் கும்பிடாது, கணக்குப் பார்க்கும்.

யாரும் பார்க்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற டி.வி.யும் சும்மா இருப்பதில்லை. கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துச் செய்து 2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, டி.வி. சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளை காதில் விழுகிற பெரியவர்களின் பேச்சு சுமார் 770 சொல் குறைகிறது என்று அளந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. டி.வி.யைக் காட்டிச் சோறூட்டுகிற வீட்டில் இந்தக் கணக்கு மத்தியானமே முடிந்துவிடும்.

டி.வி.யை நிறுத்துவது என்று முடிவெடுத்தால், அன்றைக்கே ஒயரைப் பிடுங்காதீர்கள். ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டது, யார் போட்டது, எப்போது அணைத்தது, பார்த்தவர் வேறென்ன செய்துகொண்டிருந்தார். கேலியோ திட்டோ இல்லாமல் எழுத வேண்டும். எந்த நேரம் ஆசைக்காகப் பார்ப்பது, எந்த நேரம் வெறும் தனிமைக்காகப் போட்டு வைப்பது என்று அந்த நோட்டில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு.

தொடங்குகிற நாளும் முக்கியம். ஐ.பி.எல். நடக்கிற மார்ச் முதல் மே வரை வேண்டாம். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும். மார்கழி முதல் தேதி நல்ல நாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களும், ரமலானும் அப்படியே. மனசு ஏற்கெனவே ஒன்றை விடத் தயாராக இருக்கிற காலம் அது. நாற்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இனிமேல் எப்போதும் கிடையாது’ என்று சொன்னால் வீட்டில் பாதிப்பேர் முதல் நாளே எதிர்க்கட்சி ஆகிவிடுவார்கள்.

இந்த முயற்சி கவிழ்கிற இடம், வீட்டு ஆண்களின் செய்தி விவாதமும் கிரிக்கெட்டும். பெண்கள் பார்க்கிற நாடகம் மட்டும் பாவம், எட்டு மணிக்கு நாலு பேர் கத்துகிற விவாதம் அறிவு என்று அப்பா நினைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. முதலில் விட வேண்டியவர் அவர்தான். செய்திக்குக் காலையில் பேப்பர் போதும்.

பெட்டிக்குத் துணி போட்டு மூடுவதில் பயனில்லை. மூன்றாம் நாள் துணி விலகிவிடும். சுவரிலிருந்து கழற்றுங்கள். எல்.இ.டி. டி.வி.யைப் படுக்கப்போட்டால் திரையில் விரிசல் விழலாம். நிமிர்த்தி, தடித்த போர்வை சுற்றி, பின்கட்டில் சுவரோரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறுகிற மூலை ஆகாது. ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். கேபிள் ஒயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டுங்கள். கேபிள்காரரிடம் பாக்ஸை உடனே கொடுக்கவும் வேண்டாம். நாற்பது நாள் கழித்துக் கொடுத்தால், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலிகளைத் திருப்புங்கள். எல்லா நாற்காலியும் அந்தச் சுவரைப் பார்த்தே கிடந்தால், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். ஏழு மணிக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். அதுவரை டி.வி. சத்தத்தில் அமுங்கிக் கிடந்த பழைய மனத்தாங்கல்கள் வெளியே வரும். சண்டை கூடிவிட்டது என்று பயந்து பெட்டியைத் திரும்ப மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. பொறுங்கள். பேசாமல் கிடந்தது பேச்சுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

போனை மறந்தால் எல்லாம் வீண். டி.வி. போன இடத்தில் யூடியூப் வந்து உட்காரும். அதே நாடகம் கைக்குள் ஓடும். டி.வி.யையாவது நாலு பேர் சேர்ந்து பார்த்தார்கள். போனை ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பார்ப்பார்கள். ஆறரைக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே தட்டில் இருக்க வேண்டும், மணி அடித்தால் கேட்கிற சத்தத்தில். அழைப்பு வந்தால் பட்டாசலில் நின்று பேசலாம்.

பீடி சுற்றுகிற வீடுகளுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; தட்டை மடியில் வைத்துப் பகல் முழுக்கக் குனிந்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் பெட்டிதான் துணை. உண்மையில் அவர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். கண் இலையிலும் நூலிலும் இருக்கிறது. அதனால் கேட்கிற பொருளைக் கொடுங்கள்: திருநெல்வேலி வானொலி, அல்லது பென் டிரைவ் போடுகிற சின்ன ஸ்பீக்கரில் சொற்பொழிவும் பழைய பாட்டும். இரண்டு மூன்று பேர் ஒரே திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து சுற்றினால் அதுவும் தேவைப்படாது.

வீட்டோடு கிடக்கிற ஆச்சியிடம் பெட்டியைப் பறிப்பது தர்மமல்ல. நாள் முழுக்க அவரிடம் பேசிய ஒரே குரல் அதுவாக இருக்கலாம். முதலில் தினமும் அரை மணி நேரம் ஒருவர் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நடக்க முடிந்தால் நெல்லையப்பர் கோயிலுக்கோ, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கோ சாயங்காலம் கூட்டிப் போங்கள். அப்புறமும் அவருக்கு ஒரு நாடகம் வேண்டுமென்றால், பெட்டி அவர் அறைக்குப் போகட்டும். அந்த ஒரு நாடகம் முடிந்ததும் அணைத்துவிடலாம்.

காலியான நேரத்தை நிரப்ப ஆசைப்பட்டுப் பெரிய திட்டம் போடாதீர்கள். விளக்கேற்றி, ஒரு பதிகமோ, பைபிளிலிருந்து ஒரு சங்கீதமோ வாய்விட்டுச் சொல்ல எட்டு, பத்து நிமிடம் போதும். சொன்ன பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்தால் அவர்களுக்குச் சாமியே வெறுத்துப்போகும். மணியை அடிக்க, தீப்பெட்டி எடுத்துக் கொடுக்க, வசனம் வாசிக்க ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். எட்டு மணிக்கு எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுக்களையில் நிற்கிற பெண்ணும் அந்த வட்டத்துக்குள் வர வேண்டும். அதற்காகச் சட்டி பானை எல்லாம் பட்டாசலுக்கு வரட்டும்.

நாற்பத்தோராம் நாள் எல்லாரையும் உட்கார வைத்து, சின்னப் பிள்ளையிலிருந்து தொடங்கிக் கேளுங்கள். பெட்டி வேண்டும் என்று ஒருவர் சொன்னாலும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். எந்த நிகழ்ச்சி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பேசி முடித்துப் பின்கட்டிலேயே இணைப்புக் கொடுங்கள். பட்டாசல் சுவரில் ஆணி இருந்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்.