பன்னிரண்டு கட்டத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கன்டெய்னர் யார்டு கிளார்க்குகள், வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராகும் நர்ஸ்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நின்றுகொண்டே தபாலில் டிகிரி முடித்தவர்கள், அப்ரன்டிஸ் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு அலையும் பையன்கள் என்று பலரும் வருகிறார்கள். சேரும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், டென்ஸ் மட்டும் சொல்லிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவர்களில் பலரிடம் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை ஏற்கெனவே இருக்கும். சிம்பிள் பிரசென்ட் தொடங்கி ஃபியூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியூவஸ் வரை பெயர்களைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அட்டவணையில் தப்பில்லை. பன்னிரண்டையும் ஒரே அளவு முக்கியம் போலச் சொல்லித்தருவதுதான் தப்பு. ஃபியூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியூவஸ் வேலை இடத்தில் தேவைப்படுவது மிக அபூர்வம். நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் நாலைந்துதான். அவற்றில் பெரும்பாலானவை, தமிழ் காலத்தைப் பிரிக்கும் விதமும் ஆங்கிலம் பிரிக்கும் விதமும் முட்டிக்கொள்ளும் இடங்கள். ரிவிஷனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் பழக்கத்தைச் சொல்வது. "காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன், காசிமேடு போவேன், மீன் எடுத்துட்டு வருவேன்" என்று தமிழில் சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருளோ தினசரி வழக்கம். அதே பழக்கத்தில் "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்" என்று வந்துவிடுகிறது. கேட்பவருக்கு இது இனிமேல் செய்யப்போவதாகப் படலாம். தினமும் செய்வதற்கு "ஐ கெட் அப் அட் ஃபைவ்" போதும். விடுமுறையில் கேரம் ஆடுபவர் "ஐ பிளே கேரம்" என்று சொன்னால் போதும், "வில்" வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது "யூஸ்ட் டு". மணலியில் ஒரு கிடங்கில் வேலை செய்த மாணவர் ஒருவர் சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்குப் போனார். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஐ யூஸ்ட் டு செக் த ஸ்டாக் எவ்ரி மார்னிங், ஐ யூஸ்ட் டு ரைட் த ரிப்போர்ட்" என்றார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. தன்னை ஏதோ குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைத்து அவர் பதறிப்போனார். "யூஸ்ட் டு" என்றால் முன்பு வழக்கமாகச் செய்தது, இப்போது இல்லை. நம் ஊரில் பலர் அதை "வழக்கமாகச் செய்கிறேன்" என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டு போகிறது. அவர் சொல்லவேண்டியது "ஐ செக் த ஸ்டாக்", "ஐ ரைட் த ரிப்போர்ட்". கஷ்டமான இலக்கணம் எதுவும் இல்லை, இருந்தும் கையில் இருந்த வேலையையே விட்டுவிட்டவர் போல ஆகிவிட்டார். "ஐ யாம் யூஸ்ட் டு நைட் ஷிஃப்ட்" என்பது வேறு கதை. நைட் ஷிஃப்ட் எனக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது, ஆபீஸ் மெயில்களில் நான் அதிகம் திருத்துவது: "ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே." தமிழில் "நேத்தே அனுப்பியிருக்கேன்" என்பது சரியான வாக்கியம். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் "ஹேவ்" சேராது, "ஐ சென்ட்" என்று நேராக இறந்தகாலத்துக்குப் போக வேண்டும். நேரம் சொல்லாமல், இப்போதைய நிலைதான் முக்கியம் என்றால் "ஐ ஹேவ் சென்ட் த மெயில்". யார்டில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது: "த கன்டெய்னர் ஹேஸ் அரைவ்ட்" என்றால் பெட்டி வந்து நிற்கிறது, லாரியை அனுப்பலாம். "த கன்டெய்னர் அரைவ்ட் அட் ஃபோர்" என்றால் வந்த நேரத்தைப் பதிவு செய்கிறீர்கள். நர்ஸ்களுக்கும் இதே வித்தியாசம்தான். நோயாளி சாப்பிட்டாச்சா என்பதற்கு "ஹேஸ் ஷீ ஈட்டன்?", எப்போது சாப்பிட்டார் என்பதற்கு "வென் டிட் ஷீ ஈட்?". "வென் ஹேஸ் ஷீ ஈட்டன்" என்று கலக்கக் கூடாது. அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?" என்று பேசுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அது அவர்கள் வழக்கில் இயல்பு. பிரிட்டிஷ் வழக்கில் அந்த இடத்தில் பெரும்பாலும் "ஹேவ்" வரும்.

"ஹேட்" போட்டால் வாக்கியம் கனமாக, மரியாதையாகத் தெரிகிறது என்று ஓர் எண்ணம் இங்கே இருக்கிறது. "ஐ ஹேட் கான் டு பெங்களூரு லாஸ்ட் வீக்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, "ஐ வென்ட்" போதும். இரண்டு பழைய சம்பவங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் "ஹேட்" வேண்டும்: "வென் ஐ ரீச்ட் த கேட், த லாரி ஹேட் லெஃப்ட்." கேட்டுக்கு நான் போகும் முன்பே லாரி கிளம்பிவிட்டது.

"மூணு வருஷமா இங்க வேலை செய்றேன்" என்று தமிழில் நிகழ்காலம் போதும். அதனால்தான் "ஐ யாம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" வருகிறது. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்பதே சரி. எவ்வளவு காலம் என்றால் "ஃபார்", எப்போதிலிருந்து என்றால் "சின்ஸ்", அதாவது "சின்ஸ் 2022".

அப்புறம் "ஹேவிங்". "ஐ யாம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" தப்பு, "ஐ ஹேவ்". ஒன்று இருக்கிறது என்ற பொருளில் "இங்" வராது. "ஷீ இஸ் ஹேவிங் லன்ச்" சரிதான், அங்கே அது சாப்பிடுவது. "ஐ யாம் நோயிங்" எங்கேயுமே வேண்டாம். "டிட்" வந்த வாக்கியத்தில் அதுவே இறந்தகாலத்தைச் சுமக்கிறது, "டிட் நாட் வென்ட்" என்று இரண்டு தடவை போட வேண்டியதில்லை, "டிட் நாட் கோ".

வினைச்சொல் பட்டியலை அ முதல் ஃ வரை மனப்பாடம் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் ஆகிய பத்தும் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள். பத்துமே, இறந்தகாலத்துக்குக் கடைசியில் "எட்" சேர்க்கும் விதிக்கு அடங்காதவை. இந்தப் பத்தின் வடிவங்கள் வாயில் படிந்தாலே அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ரிவிஷனுக்கு உங்கள் வேலையையே பாடப்புத்தகமாக்குங்கள். போன வாரம் எழுதிய மெயில்களை எடுத்து, ஒவ்வொரு வினைச்சொல்லையும் வட்டம் போட்டு, இது எப்போது நடந்தது என்று கேளுங்கள். முந்தைய நாள் ஷிஃப்டைப் பற்றி ஒரு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்து, மறுபடி கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்களுக்கு இது நேரடிப் பயிற்சியும்கூட: அதன் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசச் சொல்வார்கள். பல தலைப்புகள் நடந்துமுடிந்த அனுபவம் பற்றியவை. பேச்சு மதிப்பெண்ணில் இலக்கணத்துக்கு நாலில் ஒரு பங்கு. சரளம், சொல்வளம், உச்சரிப்பு மூன்றுக்கும் அதே அளவு. ஆகவே இலக்கணத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால் சரளத்திலும் மதிப்பெண் போகும்.

கடைசியாகப் பணம் பற்றி. மிண்ட் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் பெரம்பூரிலும் முப்பது நாளில் சரளம் என்று போஸ்டர் பார்க்கலாம். மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கட்டியவர்களை நான் அறிவேன், மனது வலிக்கிறது. பிபிசியும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களை முதலில் பாருங்கள். அதன் பிறகும் வகுப்பு வேண்டும் என்றால், கட்டணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு மணி நேர வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்? நான் எழுதியதை யார் திருத்தித் தருவார்கள்? ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.